பேச்சியம்மாளின் இரண்டாவது கேள்வி

செவ்வாய், இரவு.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நேற்று ஒன்பதாம் வகுப்பில் கரும்பொருள் பற்றிச் சொன்னேன். இன்று கவிதாவின் அம்மா பேச்சியம்மாள் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகாமல், பொட்டிபுரத்திலிருந்து பள்ளிக்கே வந்துவிட்டார்.

"கண்ணுக்குத் தெரியாத சாமானப் பத்திச் சொல்லிக்குடுத்தீகளாமே டீச்சர்? அந்தத் துகள் ஆராய்ச்சிக்கூடம் கட்டணும்னு வந்தாகளே, அதுமாதிரி மறுபடியும் எங்க மலையக் குடையவா? அப்படின்னா எம்மக நாளையிலருந்து வரமாட்டா."

"அது வேற, இது வேறக்கா. நீங்க தோட்டத்துக்குப் போற ஜீப்பு வளைவுல வெரசாத் திரும்பையில, ஓரத்துல தொங்குறவுக விழலைன்னா யாரோ பிடிச்சிருக்காகன்னுதான அர்த்தம்? நட்சத்திரக் கூட்டத்துலயும் ஓரத்து நட்சத்திரமெல்லாம் அம்புட்டு வேகமாச் சுத்துது. கண்ணுக்குத் தெரியிறதோட ஈர்ப்பு அதுகளப் பிடிச்சுவைக்கப் பத்தாது. ஆனாலும் சிதறல. அப்ப நமக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு இழுத்துப் பிடிச்சிருக்கு. அதத்தான் கரும்பொருள்னு சொல்றாக."

ஜீப்பைச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. உடனே கேட்டார்: "சரி, அத எங்க தேடுறாக?"

"வானத்துலக்கா" என்றேன். நிம்மதியாகப் போய்விட்டார்.

மலைகளுக்கு அடியில் சுரங்கத்துக்குள்ளும்தான் தேடுகிறார்கள். அதை ஏன் விழுங்கினேன்? படத்தோடு அது போட்டிருக்கிற புத்தகத்தை நேற்றே கவிதாவிடம் கொடுத்தனுப்பியதும் நான்தான்.