தசமியன்று தீவில் இருப்போம்

என் பிரியத்துக்குரிய ரேணு,

முதலில் நீ சிரிக்கக்கூடிய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கடலில் குளிப்பதற்கென்று நான் ஓர் அரைக்கால் டவுசர் வாங்கியிருக்கிறேன். நீலத் துணியில் மஞ்சள் இலை போட்டது. நேரு வீதிக் கடையில் அதை எடுத்துக் காட்டியவர், "பேரனுக்கா சார்? அளவு பெருசா இருக்குதே" என்றார். "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, விலையைக்கூடக் கேட்காமல் பணத்தை நீட்டினேன்.

ஐப்பசியில் நானும் பிள்ளைகளும் மொரீஷியஸ் தீவுக்குப் போகிறோம். வேலையாக இல்லை, கடற்கரையில் ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டு வர. எதிர்வீட்டுக்காரர்கள் அந்தமான் போய்வந்து படம் காட்டிய அன்று, அவர்களை வாசல்வரை அனுப்பிவிட்டு உள்ளே வந்து நீ சொன்னது நினைவிருக்கிறதா? "கடலுக்குப் பக்கத்துலயே குடியிருந்துகினு, கடலைப் பாக்க டிக்கெட் போடுறாங்க பாரு. நாளைக்கு வெயிலைப் பாக்கவும் போடுவாங்க." நான் அன்று உன்னைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

யோசனை பிரபுவுடையது. பாரிஸிலிருந்து அவனும், இங்கிருந்து கவிதாவும் நானும் நடுவில் ஓர் இடத்தில் சந்திக்கலாம் என்றான். அவன் ஏன் நேராக வீட்டுக்கு வருவதாகச் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நடந்தது அது.

அவனுக்கு விமானம் தப்பிவிட்டது. உன்னைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். மழை வேறு. மறுநாள் கவிதா, "இனிமே அம்மாவைக் காக்க வெக்க முடியாது" என்று சொல்லிவிட்டாள். கொள்ளியும் அவளே வைத்தாள். ஈரத் துணியோடு அவள் நம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது பிரபு பெட்டியோடு வாசலில் நின்றான். "எனக்காக இன்னும் ஒரு ராத்திரி பொறுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டான். அவள் எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் பேசவில்லை. நான் இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டு நடுவில் நின்றேன். ஆயுள் முழுக்க நிருபராக இருந்தவனுக்கு அது சுலபம்.

அதனால்தான் அவன் தீவு என்றதும் கவிதா சரி என்று சொன்னது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. பிரபு செல்போனில் மூவருக்குமாக ஒரு குழு தொடங்கினான். அதில் நடப்பதை நீ பார்க்க வேண்டும். "அப்பா, ரூம்ல சுடுதண்ணி வெக்கற கெட்டில் இருக்குதான்னு கேளுங்க" என்று கவிதா எழுதுவாள். அதற்கு நேர் கீழே, "அப்பா, இருக்குதுன்னு சொல்லுங்க" என்று பிரபு எழுதுவான். நான், "கவிதா, இருக்கிறதாம்" என்று எழுதுவேன். மூன்று பேரும் ஒரே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

விசாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தீவில் எந்தப் பக்கம் காற்று அதிகம், எந்தப் பக்கம் பவளப்பாறை அலையைத் தடுத்துத் தண்ணீரைக் குளம் மாதிரி வைத்திருக்கிறது, பாறை காலைக் கிழிக்காமலிருக்க என்ன செருப்புப் போட வேண்டும், அடித்தளம் கண்ணாடியாக இருக்கும் படகுகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று ஒவ்வொன்றையும் இரண்டு இடங்களில் கேட்டு உறுதி செய்தேன். தோட்டம் பார்த்த அறை போதும் என்று கவிதா சொன்னாள். கடல் பார்த்த அறைதான் வேண்டும் என்று நான் அடம் பிடித்தேன். நானா என்று நீ கேட்பாய். நானேதான்.

உண்மையைச் சொல்கிறேன், ரேணு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ போன பிறகு காலையில் கண் விழித்ததும் உன் பக்கத்துத் தலையணையைத்தான் பார்ப்பேன். இந்தத் திட்டம் வந்த பிறகு சில நாள் முதலில் போனைப் பார்த்தேன்.

கவிதா ஆரம்பத்திலேயே ஒரு தரம் கேட்டாள். "வருஷம் திரும்பறதுக்கு முன்னாடியேவாப்பா?" தலைத் தெவசம் முடியும்வரை வீட்டில் பண்டிகை இல்லை, மலைக்கோயில் ஏறுவதில்லை என்று நாம் கடைப்பிடிப்பதை வைத்துத்தான் கேட்டாள். "மலை ஏறக்கூடாதுன்னுதான் சொல்லியிருக்காங்க. கடல் தாண்டக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றேன். பதில் சொல்லிவிட்ட திருப்தி வேறு எனக்கு.

நாங்கள் போட்ட கணக்கு இதுதான். ஐப்பசியில் பிரபு வேலை பார்க்கும் பள்ளிக்கு விடுமுறை. நீ சொல்கிற மாதிரி, வக்கான்ஸ். முதல் வாரம் தீவு. அங்கிருந்து எல்லாரும் ஒன்றாகப் புதுச்சேரிக்கு வந்து உன் தெவசம். நீ பிரெஞ்சுக் குடியுரிமைக்காரி என்பதால் உன் இறப்பைத் தூதரகத்திலும் பதிந்திருந்தோம். அந்தச் சான்றிதழில் இருக்கும் தேதியை வைத்துப் பிரபு டிக்கெட் எடுத்தான். எனக்கும் அது தவறாகப் படவில்லை. நான் வேலை பார்த்த பத்திரிகையில் நினைவு நாள் விளம்பரங்கள் எல்லாம் ஆங்கிலத் தேதிக்குத்தான் வரும். ஆயுள் முழுக்க அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பழகியவனுக்கு வேறு கணக்கு இருப்பதே மறந்துவிட்டது.

ஐயரிடம் நாளைச் சொல்லிவைக்கப் போன் செய்தேன். அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். பிறகு, "சார், நீங்க சொல்றது பேப்பர் தேதி. அம்மா போனது ஐப்பசி வளர்பிறை தசமி. இந்த வருஷம் தசமி முன்னாடியே வந்துடுது" என்றார்.

"அந்தத் தேதிக்கே வெச்சுக்கிட்டா?"

"இங்கிலீஷ் தேதி பர்த்டேக்கு சார். இது தலைத் தெவசம்."

சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் தினசரிக் காலண்டரில் தாள்களைத் தூக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. தசமியன்று நாங்கள் தீவில் இருப்போம். கண்ணாடிப் படகில் மீன் பார்க்கப் போவதாக நான் குறித்திருந்த நாள் அது.

நீ இதை எதிர்பார்த்திருப்பாயா? நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

கையில் உறுதியான செய்தி இருந்தும் அனுப்பாமல் வைத்திருந்தேன். அப்படிச் செய்தவர்களை நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். ஐயர் மறுபடி போன் செய்து, "முடிவு பண்ணிட்டீங்களா சார்?" என்றார். "பார்த்துச் சொல்றேன்" என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எத்தனை அதிகாரிகளிடம் அந்தப் பதிலை வாங்கி, அதை வைத்தே அவர்களை எத்தனை முறை குத்தி எழுதியிருக்கிறேன்!

காரணம் என்ன என்று கேட்பாய். வெளியில் சொல்லத்தக்க காரணம் ஒன்று இருக்கிறது. தசமி விஷயம் தெரிந்தால் கவிதா வரமாட்டாள். அவள் வராவிட்டால் அக்காவும் தம்பியும் இனி எப்போது ஒரே அறையில் உட்காருவார்கள்? இது உண்மைதான். ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. எனக்கு அங்கே போகவேண்டும். அந்தத் தண்ணீரில் இறங்கவேண்டும். பிள்ளைகளின் சண்டையை அதன்மேல் போர்த்திக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கவிதா வைத்திக்குப்பத்தில் படகு வந்ததும் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். சமையலறையில் நின்று அலசிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, "கவிதா, அம்மா திதி முன்னாடியே வருது" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "தெரியும்பா."

"எப்படி?"

"காலண்டரு உங்க வீட்ல மட்டுமா தொங்குது?"

"அப்போ ஏன் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்துகினு இருந்தேன்." குழாயை மூடினாள். "காலண்டரைப் பாத்த அன்னிக்கே சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க அந்த டவுசரை வேட்டி மேல வெச்சுப் புடிச்சுகினு கண்ணாடியில பாத்துகினு இருந்தீங்க. அம்மா போனதுக்கப்புறம் உங்க மூஞ்சிய அப்பிடிப் பாக்கவே இல்ல. எப்பிடிச் சொல்றது? அப்பிடியே படி இறங்கிப் போயிட்டேன்."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மகள் பார்க்கக் கூடாத நேரத்தில் என்னைப் பார்த்துவிட்டாள்.

"எனக்கும் போவணும்னுதாம்பா இருந்துச்சு. நீங்க வாயத் திறக்காம இருந்தா நானும் தெரியாத மாரி வந்துடலாம்னு பாத்தேன்" என்றாள். பிறகு மீனைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அம்மாவுக்கு இன்னா, காத்துகினு இருப்பாங்க. உங்களுக்குச் சோத்த எடுத்து வெச்சுகினு காத்துகினே இருந்தவங்கதானே."

அவள் அதைக் குத்திக்காட்டச் சொன்னாளா, ஆறுதலுக்குச் சொன்னாளா? நான் கேட்கவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்குப் பொருந்தும்.

அங்கேயே நின்று பிரபுவுக்குப் போன் போட்டேன். குரல் வெளியே கேட்கும்படி வைத்து, அடுப்பு மேடையில் போனைச் சாய்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். ஐயர் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவன் நிதானமாகத்தான் கேட்டான்.

"எல்லாத்தையும் நிறுத்திடட்டுமாப்பா? லீவை மாத்த முடியாது. ஆனா நீங்க நிறுத்துன்னா நிறுத்திடறேன்."

நிறுத்து என்று ஒரு வார்த்தை. உனக்காக நான் சொல்ல வேண்டியிருந்தது அவ்வளவுதான். எனக்கு அது வரவில்லை, ரேணு. அந்த மௌனத்தில் வெயிலும் தண்ணீரும் மஞ்சள் இலையும்தான் எனக்குள் இருந்தன. இந்தக் கடிதத்தில் எதை மறைத்தாலும் அதை மறைக்கக் கூடாது.

கவிதா மீன் கையோடு போன் பக்கம் குனிந்தாள்.

"டேய்."



"எதையும் நிறுத்தாத. அம்மாவுக்கு அங்கயே படைச்சுக்கலாம். அந்த ஊர்ல நீள ரொட்டி கிடைக்குமா?"

"கிடைக்கும்க்கா. அதுவும் பிரெஞ்சுக்காரன் இருந்த ஊருதான்."

"சூடா கிடைக்குமா? அம்மாவுக்கு ஆறிப்போனது ஆவாது."

"காலையில சீக்கிரம் போனா சூடா கிடைக்கும்."

"அப்போ நீதான் போவணும். தூங்கிடப் போற. இந்த வாட்டியும் லேட்டா வந்த, தொலைச்சுடுவேன்."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் அது சிரிப்பாக இல்லாமல் போனது. "முன்னாடியே போயிடறேன்க்கா" என்றான். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்து, மூக்கில் ஒட்டிய செதிலோடு நின்றாள். குழம்பில் புளி தூக்கலாகிவிட்டது அன்று.

ஐயரிடம் சொன்னேன். "சமுத்திரக்கரைதானே சார். எந்தக் கரையில குடுத்தாலும் போய்ச் சேரும்" என்றார். அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. நமக்கு வசதியான கருத்தைத் தனியாக நம்பக்கூடாது என்பது என் தொழில் கற்றுக்கொடுத்தது. அதனால் அதை வைத்து என்னை நான் விடுவித்துக்கொள்ளப் போவதில்லை. நம் வீட்டில், நம் ஊரில், உறவுக்காரர்கள் சுற்றி உட்கார நடக்க வேண்டியது அது. அதை நாங்கள் ஒரு விடுதி வாசலில் நடத்தப்போகிறோம். தசமியன்று நம் வீடு ஏன் பூட்டிக்கிடந்தது என்று கேட்பார்கள். அவர்கள் யூகிப்பதற்கு முன், நான் வேலை பார்த்த பத்திரிகைக்கே இந்தக் கடிதத்தைக் கொடுத்து நானே அச்சில் சொல்லிவிடுகிறேன். அமுக்கிவைத்த செய்திக்கு என்னால் செய்ய முடிந்த பரிகாரம் இவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் விசாரித்து உறுதி செய்துவிட்டேன். அந்தத் தீவில் காகம் உண்டா என்று. உண்டாம். அங்கே குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தினர் சொன்னார்கள். நம் பக்கத்துக் காகம்தானாம். என்றோ கப்பலேறிப் போய், அங்கேயே தங்கிவிட்டதாம். கூப்பிட்டால் வருமா என்று கேட்டேன். "சோத்தைக் கண்டா எந்த ஊரு காக்கா வராது?" என்று சிரித்தார்கள்.

தசமியன்று பிரபு சூடான ரொட்டியோடு வருவான். கவிதா அந்தக் கெட்டிலில் சாதம் வடிக்க முடியாது என்று இப்போதே ஒரு சின்ன குக்கரைப் பெட்டியில் வைத்திருக்கிறாள். இலையை மணலில் போட்டு உனக்குப் படைப்போம். நீ வந்து சாப்பிட்டுப் போகும்வரை நான் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன். கடலில் கால் வைக்கமாட்டேன். எத்தனை நேரமானாலும் சரி. இந்த ஒரு வேளை, சோற்றை வைத்துக்கொண்டு காத்திருப்பவன் நானாக இருப்பேன்.

அதற்குப் பிறகு தண்ணீரில் இறங்குவேன். அந்த டவுசரோடுதான். நீ சிரித்துக்கொள்.

கவிதாவுக்கும் பிரபுவுக்கும் அப்பாவான,
உன் வீட்டுக்காரன்
சபாபதி
புதுச்சேரி