கோத்தன்பர்க்கில் ஒரு மத்தியானச் சாப்பாடு

டோர்செட் பார்க், ஸ்காபரோ
10.02.1988

அருள்மலரின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். உங்கள் மூன்று கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாமல் விட்டது மறதியால் அல்ல.

எண்பத்துநாலில் மட்டக்களப்பில் இருந்து ஏஜென்சிக்காரனோடு வெளிநாட்டுக்கு வெளிக்கிடும்போது, "ஆறு மாசத்தில உங்க ரெண்டு பேரையும் கூப்பிடுவன்" என்றீர்கள். பிறகு மூன்று வருடம் ஒரு வரி இல்லை. பத்மநாதன் அண்ணன்தான் எங்களைக் கனடாவுக்கு எடுத்தார். போன கார்த்திகையில் அவருடைய விலாசத்தைத் தேடிப்பிடித்து எழுதத் தொடங்கினீர்கள்.

யூன் மாதத்தில் சித்தியின் மகளுக்கு டென்மார்க்கில் கலியாணம். நான் மட்டும் வருகிறேன். அங்கிருந்து உங்கள் ஊருக்குக் கப்பலில் மூன்று மணித்தியாலமாம். 14ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை வந்து பின்னேரம் திரும்பிவிடுவேன். உங்கள் அறைக்கு வரமாட்டேன். நாலு பேர் இருக்கிற சாப்பாட்டுக் கடையில் இருந்து கதைப்போம். எங்கே என்று எழுதுங்கள்.

லோயர் தந்த விவாகரத்துத் தாள் என் கைப்பையில் இருக்கும். அதை வெளியே எடுப்பேனா என்று இன்றைக்கு எனக்கே தெரியாது.

கோணேஸ்வரி


கோத்தன்பர்க்
01.03.1988

அன்பின் கோணேஸ்,

உம்முடைய கையெழுத்தைக் கண்டதும் ட்ராமில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

சாப்பாட்டுக் கடை கேட்டிருக்கிறீர். இந்த ஊரில் எத்தனையோ உண்டு. ஆனால் நாலு வருடத்தில் நான் மேசையில் இருந்து காசு கொடுத்துச் சாப்பிட்டது இரண்டு தரம்தான். மொல்ண்டால் பக்கம் ஒரு சீனக் கடை இருக்கிறது, சோறு கிடைக்கும். வடக்கே முக்கால் மணித்தியாலம் ட்ராமில் போனால் துருக்கிக்காரன் ஒருவனின் பீட்சாக் கடை. மிளகாய்த்தூள் கேட்டால் தருவான். ஆற்றுக்கு அந்தப்பக்கம் மலைமேல் ஒரு தேநீர்க் கடை. பாண் துண்டின் மேல் இறாலை மலைபோலக் குவித்துத் தருவார்கள். உமக்கு இறால் பிடிக்கும் என்பது எனக்கு மறக்கவில்லை.

எது விருப்பம்? நான் துறைமுகத்துக்கே வந்து கூட்டிப்போவேன். பிள்ளையின் படம் ஒன்று கொண்டுவாரும்.

உமது,
தங்கத்துரை


ஸ்காபரோ
20.03.1988

அருள்மலரின் அப்பாவுக்கு,

மூன்று கடை எழுதினீர்கள். மூன்றும் ஊருக்கு வெளியே. ஒரு பகல் மட்டும் நிற்கிறவளை முக்கால் மணித்தியாலம் ட்ராமில் ஏற்றுவது ஏன்?

என்னோடு கோட்டுத் தைக்கிற மக்டலீனின் தம்பி முந்தி உங்கள் ஊரில் இருந்தவர். துறைமுகத்தடியில் நீலக் கதவு போட்ட மீன் சாப்பாட்டுக் கடையில் நீங்கள் சமைக்கிறீர்களாம். உங்கள் மீன் சூப்புக்காகச் சனம் வரிசையில் நிற்குமாம். அந்தக் கடை ஏன் உங்கள் கடிதத்தில் இல்லை? எனக்கு அங்கேதான் சாப்பிட விருப்பம்.

கோணேஸ்வரி


கோத்தன்பர்க்
08.04.1988

அன்பின் கோணேஸ்,

அந்தக் கடை சரிவராது. விலை மிகவும் கூட. உப்புமில்லை, உறைப்புமில்லை, வெள்ளைக்காரருக்கான சமையல். அதோடு செவ்வாய்க்கிழமையில் பூட்டு. முதலாளி அம்மாவும் ஒரு மாதிரி, வேலைக்காரரின் ஆட்கள் வந்து இருப்பது பிடிக்காது.

தேநீர்க் கடைக்கே போவோம். அங்கிருந்து பார்த்தால் கப்பல் எல்லாம் தெரியும். தயவுசெய்து பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

தங்கத்துரை


ஸ்காபரோ
30.04.1988

அருள்மலரின் அப்பாவுக்கு,

இன்று காலை ஒப்பரேற்றரிடம் நம்பர் எடுத்து அந்தக் கடைக்குப் போன் போட்டோம். எனக்கு இங்கிலிஷ் பயம். அருள்மலர்தான் கதைத்தாள். செவ்வாயில் திறந்திருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். பகல் பதினொன்றரைக்குத் திறப்பார்களாம்.

அதோடு வைத்திருக்கலாம். அவளோ, "அங்க சமைக்கிற துரை என்ர அப்பா. நான் அவற்ற மகள்" என்று சொல்லிவிட்டாள். மறுமுனையில் இருந்தவ சொன்னதைக் கேட்டு முடித்தாள். போனை வைத்துவிட்டு என்னிடம், "அம்மா, அந்தப் பொம்பிளை சிரிக்கிறா. துரைக்குப் பிள்ளையும் இல்லை, மனுசியும் இல்லை, நீ வேற ஆரையோ தேடுறாய் எண்டு சொல்றா" என்றாள்.

அவளுக்கு என்ன சொல்வது என்று எழுதுங்கள். எனக்கு நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

கோணேஸ்வரி


கோத்தன்பர்க்
16.05.1988

கோணேஸ்,

இதை எப்படி எழுதுவதென்று பத்து நாள் யோசித்தேன்.

இங்கே வந்து இறங்கியபோது, கலியாணம் கட்டாதவன் என்று எழுதச் சொன்னான் ஏஜென்சிக்காரன். தனி ஆளென்றால் கெதியாக விசா தருவார்களாம். எழுதினேன். விசா கிடைத்தது. பிறகு, பொய் சொன்னது தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். உங்களுக்குக் கடிதம் எழுதினால் அதுவே சாட்சியாகும் என்று எழுதாமல் விட்டேன். ஒரு மாதம் விட்டது மூன்று வருடமாகிவிட்டது. கடையிலும் அதே கதைதான் சொல்லியிருக்கிறேன்.

வேறு பெண் யாரும் இல்லை. இதையாவது நம்பும்.

பிள்ளையிடம், போனில் பேசியது புதிதாக வந்த ஆள் என்று சொல்லும். 14ஆம் திகதி தேநீர்க் கடையில் எல்லாம் கதைப்போம்.

தங்கத்துரை


ஸ்காபரோ
02.07.1988

அருள்மலரின் அப்பாவுக்கு,

அன்றைக்கு நான் ஒன்றும் பேசாமல் கப்பலேறியதால் இதை எழுதுகிறேன்.

நீங்கள் துறைமுகத்தில் பத்துமணிக் கப்பலைப் பார்த்து நின்றிருப்பீர்கள். நான் அதற்கு முந்திய கப்பலில் வந்துவிட்டேன். நீலக் கதவைத் தேடி, திறந்தவுடன் போய் ஜன்னலோர மேசையில் இருந்தேன். மீன் சூப் கேட்டேன். நல்ல ருசி. விலையும் நீங்கள் சொன்ன அளவு இல்லை. பாதி குடிக்கும்போது நீங்கள் மூச்சுவாங்க ஓடிவந்தீர்கள்.

என்னைக் கண்டு கதவடியில் நின்றீர்கள். முதலாளி அம்மா யாரென்று கேட்டது எனக்கு மொழி தெரியாமலே விளங்கியது. நீங்கள் என்னைப் பார்த்தபடி அவவுக்கு ஏதோ சொன்னீர்கள். அவ கைகளைத் தட்டிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தா. மனைவி என்று சொல்லிவிட்டீர்கள் என்று நினைத்தேன். உண்மையாகவே, அந்த நிமிடம் தாளைக் கப்பலில் கிழித்து எறிவோம் என்று நினைத்தேன்.

அவ இங்கிலிஷில், "இந்த வசந்தத்தில டென்மார்க்கில உங்க ரெண்டு பேருக்கும் கலியாணம் நடந்ததாம், துரை எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை" என்றா. புதுப் பெண்ணுக்கு என்று கேக் கொண்டுவந்து வைத்தா.

நீங்கள் எனக்கு எதிரே இருந்து குனிந்து சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன். "இப்பிடிச் சொன்னாத்தான் உம்மை இங்க கூப்பிடலாம். பிள்ளையைப் பிறகு பாப்பம்."

அந்தக் கடையில் ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் உங்கள் விசா போயிருக்கும். நான் சொல்லவில்லை. அந்த மனுசி ஒரு பிழையும் செய்யவில்லை என்பதால் கேக்கையும் முழுக்கச் சாப்பிட்டேன். பிள்ளையின் படத்தைக் காட்டாமலே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

என்னை மறைத்ததைக்கூடப் பயம் என்று விட்டிருப்பேன். ஆனால் பிள்ளையைப் பிறகு பார்க்க முடியாது. அவள் இப்போது இருக்கிறாள்.

தாள் இத்தோடு வருகிறது. ஒப்பமிட்டு அனுப்புங்கள்.

கோணேஸ்வரி


கோத்தன்பர்க்
05.09.1988

கோணேஸ்வரிக்கு,

ஒப்பமிட்டு அனுப்பியிருக்கிறேன்.

உறைக்குள் வேறொரு தாளும் இருக்கிறது. போன கிழமை குடிவரவு அலுவலகத்துக்குப் போய், நான் எண்பத்துநாலில் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் எழுதிக்கொண்டதன் பிரதி அது. மனைவி ஒருவர், மகள் ஒருவர் என்று பெயர்களோடு இருக்கிறது. விசாரித்து முடிவு சொல்ல மாதக்கணக்காகுமாம். திருப்பி அனுப்பவும் கூடும். கடையிலும் சொன்னேன். முதலாளி அம்மா கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு முன்னால் இருந்தா. பிறகு, "போனில அந்தப் பிள்ளை சொன்னதுக்குச் சிரிச்சது நான்தான்" என்று சொல்லி அழுதா.

இதைக் காட்டி உம்மிடம் எதையும் கேட்கவில்லை. ஒப்பமிட்ட தாளைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

தங்கத்துரை


ஸ்காபரோ
09.10.1988

அருள்மலரின் அப்பாவுக்கு,

ஒப்பமிட்ட தாளை லோயரிடம் கொடுத்துவிட்டேன். தை மாதத்துக்குள் முடிந்துவிடும் என்றார். அதில் எனக்கு மனமாற்றம் இல்லை.

மற்றத் தாளை அருள்மலரிடம் கொடுத்தேன். போனில் சிரித்தவ அழுததையும் சொன்னேன். விளங்காத மொழியில் தன் பெயரை விரலால் தேடிக் கண்டுபிடித்தாள். "அம்மா, என்ர பேரைப் பிழையா எழுதியிருக்கினம்" என்றாள். சரியான எழுத்தில் அதைத் தானே ஒரு துண்டில் எழுதி, பிறந்த திகதியும் போட்டு, இந்த உறைக்குள் வைக்கச் சொன்னாள். அவர்களிடம் கொடுத்துத் திருத்துங்கள்.

முடிவு என்னவென்று தெரியவந்தால் எழுதுங்கள். எனக்கல்ல. விலாசம் இதேதான், மேலே அவளுடைய பெயரைப் போடுங்கள்.

கோணேஸ்வரி