வெள்ளிக்கும் சனிக்கும் நான்கு பேர்

என் கணக்கு டீச்சருக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வழக்கம்போல எழுத வரவில்லை. உன் கடிதம் மேசைமேல்தான் கிடக்கிறது. போனில் பேசினால் நீ பாதியில் அழுவாய், நான் உடனே "சரி, கிளம்பி வா" என்று சொல்லித் தொலைப்பேன். அதனால்தான் தாளும் பேனாவும்.

முதலில் வீட்டுச் செய்தி. பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறாள். அக்கா காலையில் வந்து தலை பின்னிவிட்டுப் போகிறாள். நான் பின்னினால் பள்ளிக்கூட வாசலுக்குப் போவதற்குள் அவிழ்ந்துவிடுகிறது. சமையலறைக் குழாயை நானே சரிசெய்தேன். இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது.

உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். "நாப்பது வயசுல அவளுக்கு எதுக்கு மாப்பிள்ளை, வெளியூர்ல போய் கம்ப்யூட்டர் படிக்கிற இந்த வேண்டாத வேலை? இருந்த டீச்சர் வேலையையும் விட்டுட்டு?" என்றார். "டீ ஆறுது, குடிங்க மச்சான்" என்றேன். குடித்தார்.

இனி உன் விஷயம். அல்காரிதம் பாடத்தில் நூற்றுக்கு முப்பத்தொன்று என்று எழுதியிருக்கிறாய். பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு உன் வயதில் பாதி, கேள்வியைப் பார்த்ததும் எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். உனக்கு வழிமுறை புரிகிறது, ஆனால் அது சரிதான் என்று நிரூபித்து எழுத மட்டும் வரவே இல்லை. இருபதாம் தேதிக்குள் கல்லூரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பேரை எடுத்துவிட்டால் தோற்றதாகக் கணக்கில் வராது. "வந்துடுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்று முடித்திருக்கிறாய்.

போன கடிதத்தில் நான் புலம்பி அனுப்பிய டூட்டி பட்டியலுக்குப் பதிலாக, அதே உறைக்குள் இன்னொரு தாளும் வைத்திருந்தாய். "உங்க டூட்டி லிஸ்டைப் பார்த்தேன், மண்டை காய்ஞ்சதுக்கு மாத்தா இருந்தது" என்று மேலே ஒரு வரி. அந்தத் தாள் இங்கே என்ன செய்தது என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

எங்கள் டயாலிசிஸ் பிரிவில் தொற்று உள்ளவர்களுக்கான தனி அறை உனக்குத் தெரியும். வாரத்தில் ஆறு மாலை, மாலைக்கு இரண்டு நர்ஸ். அந்த அறைக்குப் பயிற்சி பெற்றவர்கள் ஏழே பேர். ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மாலைக்கு மேல் கிடையாது. அடுத்தடுத்த நாளும் போடக்கூடாது. பட்டியல் போடுவது நான். மூன்று வாரமாகத் திங்களிலிருந்து நிரப்பிக்கொண்டு வருவேன், சனிக்கிழமை வந்து முட்டிக்கொண்டு நிற்கும். முன்னால் எங்கேயோ ஆளை வீணாக்கிவிட்டேன் என்று அழிப்பேன், மாற்றுவேன். தாள் ஓட்டையானதுதான் மிச்சம்.

சூப்பிரண்டு அம்மா எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏழு பேரு, ஆளுக்கு ரெண்டு, பதினாலு. வேணுங்கிறது பன்னெண்டு. ரெண்டு மிச்சமே இருக்கு. உங்களுக்குப் போடத் தெரியலைன்னா சொல்லுங்க, வேற ஆள் பார்த்துக்கட்டும்." பட்டியல் வராவிட்டால் சனி மாலை அறையை மூடிவிடலாம் என்றும் பேச்சு அடிபட்டது. சனிக்கிழமை டயாலிசிஸுக்கு வருகிற தையல்காரர் காதில் அது எப்படியோ விழுந்துவிட்டது. ஊசி போடும்போதெல்லாம், "சனிக்கிழமை இருக்குல்ல தம்பி?" என்பார். இருக்கு என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

உன் தாளைப் பிரித்தேன். ஒரு பக்கம் பேர்கள், மறுபக்கம் நாள்கள், நடுவில் கோடுகள். கீழே சில வரிகள். "வெள்ளி, சனி இரண்டை மட்டும் பாருங்க. மொத்தம் நாலு இடம். அடுத்தடுத்த நாள் வரக்கூடாதுன்னா ஒரே ஆள் ரெண்டு நாளும் நிக்க முடியாது. அப்ப நாலு இடத்துக்கும் நாலு வேற வேற ஆள் வேணும். கைக்குழந்தைக்காரிக்கு அந்த ரெண்டு நாளும் முடியாது, அதே நாள்ல ஒருத்தருக்கு வகுப்பு, ரெண்டு பேரைப் பக்கத்துக் கட்டிடத்துக்கு அனுப்பிடறாங்க. மிச்சம் மூணு பேர். மூணு பேரை வச்சு நாலு இடத்தை நிரப்ப யாராலயும் முடியாது. நீங்க தப்பு பண்ணலை. அப்படி ஒரு லிஸ்டே கிடையாது."

கடைசி இரண்டு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

மறுநாள் கூட்டத்தில் அதை அப்படியே வாசித்தேன். சூப்பிரண்டு அம்மா விரல்விட்டு எண்ணினார், மறுபடி எண்ணினார். பெரிய டாக்டர் தாளை வாங்கி, பேனாவைத் திறந்து, எங்கேயாவது பிடி கிடைக்குமா என்று ஐந்து நிமிடம் பார்த்தார். "அடுத்தடுத்த நாள்ங்கிறத எடுத்துட்டா?" என்றார். அது நோயாளிகளின் பாதுகாப்புக்காக அவரே போட்ட விதி. "சரி, எடுக்க முடியாது" என்று அவரே சொல்லிக்கொண்டார். கடைசியில் பேனாவை மூடினார். "இதுல ஓட்டையே இல்லையே. யாரு எழுதினது?"

"எங்க வீட்டம்மா சார். படிச்சிட்டிருக்காங்க."

சூப்பிரண்டு அம்மா கேட்டார், "அந்த ரெண்டு பேரை அந்தக் கட்டிடத்துக்கு அனுப்பச் சொன்னது யாரு?" கிளார்க் மெதுவாக உத்தரவை எடுத்து நீட்டினார். கையெழுத்து அந்த அம்மாவுடையதுதான். பார்த்துவிட்டு அவரே சிரித்துவிட்டார். இரண்டு பேரில் ஒருவரைத் திருப்பித் தந்தாயிற்று. நான்கு பேர் ஆனார்கள். அரைமணி நேரத்தில் பட்டியல் போட்டு ஒட்டிவிட்டேன். தையல்காரரிடம் இந்தத் தடவை முகத்தைப் பார்த்துச் சொன்னேன், இருக்கு என்று.

நிரூபிக்க வரவில்லை என்கிறாயே, அப்போது இது என்ன? ஒரு டாக்டர் உடைக்கப் பார்த்து உடைக்க முடியாததற்கு உங்கள் வகுப்பில் வேறு பேர் வைத்திருக்கிறார்களா? எனக்குப் பாடம் தெரியாது. ஆனால் பரீட்சைத் தாளில் யாருக்காகவோ எழுதுகிறாய், இதை எனக்குப் புரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். வித்தியாசம் அங்கேதான் என்று நினைக்கிறேன். அந்தத் தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பேராசிரியரிடம் காட்டு. இந்த மாதிரி எழுதினால் போதுமா, இன்னும் என்ன வேண்டும் என்று வெட்கப்படாமல் கேள். இன்னும் இரண்டு பரீட்சை இருக்கிறது என்று நீதானே எழுதியிருக்கிறாய்.

பாப்பா இப்போதெல்லாம் நீ எப்போது வருவாய் என்று கேட்பதில்லை. அவள் பழகிவிட்டாள். வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது நான்தான் இன்னும் உள்ளே பார்த்து ஏதோ சொல்ல வாயெடுக்கிறேன். அது போகட்டும்.

நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை இந்தக் கடிதத்தில் நான் எழுதவில்லை, கவனித்தாயா? இருபதாம் தேதி அந்த அலுவலகப் பக்கமே போகாதே. வகுப்புக்குப் போ. சாப்பிட்டுவிட்டுப் போ. முழுசாக முடித்துவிட்டு, நிதானமாக வா.

அவசரம் ஒன்றுமில்லாத,
உன் வீட்டுக்காரன்