புதைக்கச் சொன்னேன்

2023 ஜூலை 11

சிறை மரணங்கள் குறித்த ஆய்வறிக்கையின் மூன்றாம் இயலைத் திருத்திக்கொண்டிருந்தேன். திருமுக்கூடலிலிருந்து பொன்னி என்ற பெண் வந்தார். திருட்டு வழக்கில் விசாரணைக் கைதியாகக் கிளைச் சிறையில் இருந்த அவருடைய கணவர் முனிசாமி நேற்று இறந்துவிட்டார். மாரடைப்பு என்கிறார்களாம்.

"ரெண்டு பாதத்தயும் பாத்தேன் சார். கன்னிப்போய் கருப்பா இருக்குது. மாரடைப்பு பாதத்துலயா வரும்?"

பிரேதப் பரிசோதனை முடிந்துவிட்டது. காயமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மறு பரிசோதனை கோரலாம். அதற்கு உடல் வேண்டும். நான் ஆராய்ந்த மரணங்களில் பெரும்பாலானவற்றில் சாம்பல்தான் எஞ்சியிருந்தது. எரிக்காமல் புதைக்கும்படி சொன்னேன்.

ஜூலை 12

பாலாற்றங்கரை. முனிசாமியின் அண்ணன் வெங்கடேசன் குழியை மறித்து நின்றார்.

"எங்க ஆளுங்கள்ல பச்சக் கொழந்தையத்தான்பா பொதைப்போம். கொள்ளி வெக்க நான் இருக்கறப்ப, எந்தம்பிய மண்ணப் போட்டு மூடணுமா? வக்கீலுக்கு என்னா, ஒரு புக்கு எழுதிக்குவாரு."

பொன்னி குரலை உயர்த்தவில்லை. "பொதைங்க மாமா. சார் வெளிய எடுத்துக் குடுப்பாரு."

நான் அப்படி வாக்களிக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

அக்டோபர் 3

மறு பரிசோதனை மனு இன்றைய பட்டியலில் இருந்தது. விசாரணைக்கு எடுக்கப்படவில்லை.

2024 பிப்ரவரி 20

அரசுத் தரப்பு மேலும் அவகாசம் கேட்டது. ஆட்சேபித்தேன். அவகாசம் கிடைத்தது.

டிசம்பர் 4

புயல் மழை. ஆற்றில் வெள்ளம். பொன்னி தொலைபேசியில் கத்திப் பேசினார்: "குழியச் சுத்தி மணல் மூட்ட அடுக்கிக்கினு இருக்கோம் சார். மாமா உங்களத் திட்டிக்கினேதான் தூக்கியாறாரு."

முறிந்த எலும்பு மண்ணில் நிற்கும். கன்றிய தோல்? — இத்தனை மாதங்களுக்குப் பிறகு? அவரிடம் இதைச் சொல்லவில்லை.

2025 மார்ச் 18

தள்ளுபடி. காலம் கடந்துவிட்டதால் மறு பரிசோதனையால் பயனில்லையாம். யாரு கடத்துனது? பொன்னியா? என்னய்யா நியாயம் இது?

மேல்முறையீடு செய்யலாம் என்று பொன்னியிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"இப்போ எரிச்சிடலாமா சார்?"

எரித்தால் வழக்கு அத்துடன் முடிந்துவிடும் என்று விளக்கினேன்.

"தெரியும் சார்."

மார்ச் 24

புதைத்த உடலைத் தோண்டி எடுத்து எரிக்க அனுமதி கோரும் மனுவை நானே எழுதி, காலையில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்தேன். காவல்துறைக்கு ஆட்சேபம் இல்லை. மாலைக்குள் அனுமதி வந்துவிட்டது.