பரியாரியாரின் துண்டு

வல்வெட்டித்துறை,
பங்குனி 1989

அன்பான மருமகளுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்குக் கோபிக்காதே, பிள்ளை. அறுபத்தெட்டு வயதில் வாசிகசாலையில் எழுதப் பழகி, என் கையால் எழுதும் முதல் கடிதம் இது. கடைப் பலகை, பஸ் பலகை ஒன்றையும் இப்போது நான் வாசிக்காமல் விடுவதில்லை. அவ்வளவு சந்தோசம்.

போன கிழமை, முன்பு உனக்கு மருந்து என்று மகன் கொண்டுவந்து, உன் கண்ணில் காட்டாமல் வைத்திருந்த, நாட்டு வைத்தியர் பரியாரியார் எழுதிய துண்டையும் வாசித்தேன். "வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் புகையால் உமது தாது கெட்டுவிட்டது. ஈயம் உருக்குவதை விடவும். முருங்கைப்பூவும் நீர்முள்ளி விதையும் சேர்த்த கசாயத்தை நீரே குடிக்கவும். மனைவிக்குக் குறையில்லை."

நாலு வருசம் அந்தக் கசாயத்தை நானே காய்ச்சி உனக்குத் தந்தேன். நீ குமட்டி ஓங்காளித்தபோதும் "குடி பிள்ளை" என்றேன். மலடி என்று மகன் உன்னைத் தாய் வீட்டுக்கு அனுப்பியபோது பேசாமல் நின்றேன்.

துண்டை அவன் முன்னால் வாசித்தேன்.

"உங்களுக்கு ஆர் அப்பு இப்ப எழுத்துக் காட்டினது?" என்றான். ஈயச்சட்டியை அடுப்பில் ஏற்றினான்.

நாளைக்கு, உன்னை மலடி என்ற எல்லாருக்கும் கோயிலடியில் வைத்து அதை வாசிக்கப் போகிறேன். அடுத்த கிழமை அந்தத் துண்டையும் உள்ளே வைத்து உனக்கு எழுதுகிறேன். திரும்பி வா என்று மட்டும் எழுதமாட்டேன்.

உன் மாமா