வாடின கரும்புக்கு விட்ட தண்ணி

காலையில் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது வெல்லம் காய்ச்சுகிற வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். கொப்பரை பக்கத்தில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு யாரோ நின்றார். நீ இல்லை என்று தெரியும். இருந்தாலும் பஸ் திரும்புகிற வரைக்கும் பார்த்தேன்.

நம்ம கரும்பும் வெட்டுக்கு வந்துடுச்சு. தண்ணியை நிறுத்தியாச்சு, சோகை இலையெல்லாம் சுருண்டு கிடக்குது. இந்தக் கோலம்தானே உனக்கு ஆகாது? வெட்டுறதுக்கு முன்னால காயப்போடணும் என்று எல்லாரும் சொல்லியும், நான் அம்மா வூட்டுக்குப் போன நேரம் பார்த்து மோட்டாரைப் போட்ட ஆளாச்சே நீ. அந்த வருஷம் பாகு இறுகவே இல்லை. வெல்லம் கேட்டு வந்தவங்களிடம் பாட்டில் கொண்டாந்தீங்களா என்று கேட்டே உன் மானத்தை வாங்கினேன். நீயும் சேர்ந்துதான் சிரித்தாய்.

அப்புறம் உழவர் உதவியகத்துப் பொண்ணு வந்து பொறுமையாகச் சொல்லிச்சு. தண்ணி குறைஞ்சா கரும்பு வளர்றதை நிறுத்திடுமாம். சர்க்கரையைச் செலவழிக்காமல் தண்டுக்குள் சேர்த்து வைக்குமாம். அந்தச் சர்க்கரைதான் உள்ளே மிச்சமிருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் பிடிச்சுக்குமாம். கடைசி நேரத்தில் தண்ணி விட்டா, சேர்த்ததைக் கரைச்சு மறுபடி துளிர்க்கப் போயிடுமாம். எல்லாத்தையும் கேட்டுட்டு நீ சொன்னாய்: "அது சமாளிக்கும்மா. என்னாலதான் பாக்க முடியல."

ஆஸ்பத்திரியில் உனக்குத் தண்ணியை அளந்துதான் கொடுக்கச் சொன்னாங்க. கிட்னி வேலை செய்யலை, கூடினா மூச்சு முட்டும் என்றாங்க. நானும் காவல்காரி மாதிரி பாட்டிலை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏமே, ஒரு வாய்."

"கரும்பு மாதிரி கெடய்யா. இனிப்பு ஏறட்டும்."

எப்பவும் சிரிப்பவன், அன்னிக்குச் சிரிக்கலை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டாய். மறுநாள் நீ இல்லை.

டாக்டர் சொன்னது சரி. நான் கேட்டு நடந்ததும் சரிதான். ஆனால் அந்த ஒரு வாய் என் கையிலேயே நின்னுபோச்சு. யார் தண்ணி கேட்டாலும் இப்பவெல்லாம் சொம்பு வழிய வழியத்தான் கொடுக்கிறேன்.

சாயங்காலம் கழனிக்குப் போனேன். மோட்டார் கொட்டாயில் சுவிட்சைப் போட்டுட்டேன். நம்ம பெரிய பொண்ணு வரப்பில் ஓடி வந்தாள். இந்த வெல்லத்தை நம்பித்தான் பொங்கலே இருக்குது, உனக்கு இன்னாம்மா ஆச்சு, பாகு இறுகாதே என்றாள்.

"தெரியும்டி."

அவள் என் முகத்தைப் பார்த்துட்டு, பக்கத்தில் வந்து நின்னாள். தண்ணி கடைசிப் பாத்தி போய்ச் சேருகிற வரைக்கும் ரெண்டு பேரும் நின்னோம்.