சவர ராகத்தில் இருபது வரிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

லத்தீன் தேர்வில் நான் இன்னும் தோற்கவில்லை. மிச்சத்தை வாசிக்க இன்னொரு வாய்ப்பு உண்டு என்று துறை எழுத்தர் இன்று காலை சொன்னார். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கவலைப்பட ஒன்றுமில்லை. பழைய காவியம் ஒன்றில் கப்பல் உடையும் இடத்தை, நாற்பது வரிகளை, அகராதி இல்லாமல் வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும். தேறாவிட்டால் படிப்பைத் தொடர முடியாது. ஆறாம் வரியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. என்னை அறியாமல், நீங்கள் சவரம் செய்தபடி செய்யுள் பாடும் ராகத்தில் இழுத்தேன். அம்மா 'சவர ராகம்' என்று கேலி செய்வாளே, அதேதான். பாடப் பாடப் பொருள் பிடிபட்டது.

தேர்வு நடத்திய ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா இப்படிப் படிக்கச் சொல்லிக்குடுத்தது?"

"எங்கப்பா."

"செத்த மொழியைப் படிச்சு யார்கிட்டடி பேசப் போற?" என்று கேட்ட அதே அப்பா என்று அவரிடம் சொல்லவில்லை.

இருபதாம் வரியில் ராகம் மறந்துவிட்டது, நின்றுவிட்டேன். நாளை சவரம் செய்தபடி நீங்கள் பாடுவதை போனில் பதிவு செய்து அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். குழாய்ச் சத்தமும், அம்மா திட்டுவதும் இருக்கட்டும், வெட்ட வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது. மீதி இருபது வரிகள் வியாழன் காலை பத்து மணிக்கு. முடிவை அன்று மாலையே சொல்வார்கள்.

உங்கள் மகள்